எஸ்எம்என்சி வேண்டாம், முழுப்பெயரும் வேண்டாம்: முந்திரிக் கடைக்கு ஒரு டொமைன் பெயர்

காடாம்புலியூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையாக முந்திரி வியாபாரம். கடைப் பெயரில் நாலு சொல்: ஸ்ரீ, அம்மன் பெயர், 'ந'வில் தொடங்கும் தாத்தா பெயர், கடைசியில் கேஷ்யூஸ். இணையதளத்துக்கு டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வாங்க வேண்டும். முதலெழுத்துகளைக் கோத்து எஸ்எம்என்சி என்று நாலெழுத்தில் முடிக்கலாம் என்பது மகனின் கட்சி. அம்மன் பெயரையும் தாத்தா பெயரையும் விட்டுவிட்டு எதற்கு இணையதளம் என்பது அப்பாவின் கட்சி. எது சரி?

இரண்டும் வேண்டாம். வாடிக்கையாளர்கள் உங்கள் கடையை வாயால் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதை வாங்குங்கள்.

இதற்குக் காரணம் சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, வடக்கே பாண்டி, தெற்கே பரங்கிப்பேட்டை வரை கடைக்காரர்களுக்கு இணையதளம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த அப்பா மகன் வழக்கு வருஷத்துக்கு நாலு தடவையாவது என் மேஜைக்கு வரும்.

நாலெழுத்தில் இருந்தே தொடங்குவோம். டாட் காமில் அது கிடைக்காது. ஆங்கில எழுத்து 26. மூன்றெழுத்துச் சேர்க்கைகள் மொத்தம் 17,576, நாலெழுத்து 4,56,976. கேட்க நிறைய மாதிரி தெரியும். உலகம் முழுக்கப் பங்கு போட்டால் ஒன்றும் இல்லை. மூன்றெழுத்துப் பெயர்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன, நாலெழுத்தும் 2013 வாக்கில் ஒன்று விடாமல் போய்விட்டது. இனி வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம் போய் டாலரில் பேரம் பேச வேண்டும். இந்தியாவுக்கென்று இருக்கிற டாட் இன்னில் தேடினால் நாலெழுத்து இன்னும் அகப்படலாம். உங்கள் மகன் அதைத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கிடைக்கிறதே என்று வாங்கி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதுநகரில், அதாவது நாங்கள் ஓ.டி. என்று சொல்கிற பழைய ஊரில், படகு இன்ஜினுக்கு ஸ்பேர் விற்கிற ஒரு கடை. ஐந்தெழுத்துச் சுருக்கம் ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பில் புத்தகத்தில் அழகாக உட்கார்ந்தது. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தம். கல்லாவில் இருந்த தம்பி போனில் மெயில் முகவரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"கடைசியில டி சார்."

"எந்த டி?"

"டெல்லி டி. அதுக்கு முன்னாடி என்."

"எம்மா?"

"எம் இல்ல சார், என். நாகப்பட்டினம் என். எம் அதுக்கும் முன்னாடி. மெட்ராஸ் எம்."

எதிரில் இருந்தவர் எழுதியதைத் திருப்பிப் படித்தார். இரண்டும் எம்மாகவே இருந்தன. மறுபடி முதலிலிருந்து. நாலு நிமிஷம் கழித்துத் தம்பி தோற்றுப்போய், "விடுங்க சார், வாட்ஸ்அப் பண்ணிடறேன்" என்று போனை வைத்தார். இது பரவாயில்லை. எம்மும் என்னும் குழம்பிய அந்தத் தவறான பெயரும் வேறு யாரோ வைத்திருக்கிற நிஜ முகவரி. அதனால் தப்பாகப் போன மெயில் திரும்பிக்கூட வரவில்லை. ஒரு கொட்டேஷன் கேட்டு வந்த கடிதம் அங்கே போய் விழுந்து, ஆர்டர் வேறு கடைக்குப் போன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தப்பு என்னுடையது. கடைக்காரர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதில் தமிழ்க் காதுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கிற இரண்டு எழுத்தையும் நாம் 'டி' என்றே எழுதுகிறோம், கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறோம். 'பி'யும் அப்படித்தான்: பாம்பே பியா, பாண்டி பியா? உங்கள் சுருக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதை வைத்து ஒருவரால் ஆங்கிலத்துக்குச் சரியாகத் திரும்பிப் போக முடியவில்லை என்றால் அந்தப் பெயர் போனில் தேறாது. உங்கள் எஸ்எம்என்சியில் எம்மும் என்னும் ஒட்டி நிற்கின்றன. முதல் எழுத்து எஸ், மோசமான லைனில் எஃப் மாதிரி கேட்கும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது: அப்படியானால் எம்.ஆர்.எஃப்., டி.வி.எஸ். எல்லாம் எப்படி? நல்ல கேள்வி. எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்கிற பட்டறையாகத் தொடங்கியது, விரிவாகச் சொன்னால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. டி.வி.எஸ். 1911இல் தொடங்கிய குடும்பத் தொழில், நிறுவியவரின் பெயரே அந்த மூன்றெழுத்து. ஊர் வாயில் அந்த எழுத்துகள் உட்கார எத்தனை பத்தாண்டு, எத்தனை விளம்பரம்! அவ்வளவு பெயர் வாங்கிய பிறகும் அவர்களுடைய இணைய முகவரியைப் பாருங்கள். எம்.ஆர்.எஃப். பக்கத்தில் 'டயர்ஸ்' சேர்த்துத்தான் டாட் காம். டி.வி.எஸ். பக்கத்தில் 'மோட்டார்'. எல்.ஐ.சி. பக்கத்தில் 'இந்தியா'. நம் நெய்வேலி நிறுவனம் 2016இல் பெயரையே என்.எல்.சி. இந்தியா என்று மாற்றிக்கொண்டது, முகவரியும் அதேதான். சுருக்கத்தோடு முழுச்சொல் ஒன்று. மூன்றெழுத்தை மட்டும் நம்பி அவர்களே நிற்கவில்லை, நீங்கள் நிற்பானேன்?

சுருக்கங்களிலும் சாதி இரண்டு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஆஸ்பத்திரியின் முழு ஆங்கிலப் பெயரைக் கேட்டால் அங்கே தினமும் ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறவருக்கே தெரியாது. ஆனால் ஜிப்மர் என்றால் கள்ளக்குறிச்சியில் இருக்கிற பாட்டிக்கும் தெரியும். சிப்காட், டாஸ்மாக் எல்லாம் இந்த ரகம். எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற சுருக்கம், சுருக்கமே இல்லை, அது சொல்லாகிவிட்டது. அப்படி ஒன்று உங்களுக்கு வாய்த்தால் தயங்காமல் வாங்குங்கள். எஸ்எம்என்சியில் நடுவே ஓர் உயிரெழுத்துகூட இல்லை. வாய்க்குள் போட்டுப் பாருங்கள், உருளாது.

இன்னொரு ரகம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் புரிவது. ரயில்வேயில் திருப்பாதிரிப்புலியூருக்கு டிடிபிஆர், கடலூர் துறைமுகம் சந்திப்புக்கு சியூபிஜே, புதுச்சேரிக்கு பிடிஒய். கவுண்டரில் இருப்பவருக்கு அது வேலையை எளிதாக்குகிறது. பிளாட்பாரத்தில் போர்டு எழுதும்போது மட்டும் ரயில்வே முழுப்பெயரைத்தான் எழுதுகிறது, மூன்று மொழியில். உங்கள் கணக்குப்பிள்ளை லெட்ஜரில் எஸ்எம்என்சி என்று எழுதிக்கொள்ளட்டும், அது கவுண்டர். டொமைன் பிளாட்பாரம்.

எழுத்துச் சுருக்கத்தில் இன்னொரு வம்பு: அதே எழுத்து வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கும். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டு நினைவிருக்கும். மல்யுத்தக் கம்பெனிக்கும் பாண்டா கரடிச் சின்னம் வைத்த இயற்கைப் பாதுகாப்பு நிதியத்துக்கும் அதே மூன்றெழுத்து. வழக்கு நடந்து, மல்யுத்தக்காரர்கள் 2002இல் எஃப்பை விட்டுவிட்டு டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனார்கள். ஃபேஸ்புக் கதையும் கேட்கத் தக்கது. 'தி' சேர்த்த முகவரியில் தொடங்கி, 2005இல் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து முழுச்சொல்லை வாங்கினார்கள். எஃப்பி என்ற ஈரெழுத்து அமெரிக்க விவசாயிகள் அமைப்பு ஒன்றிடம் இருந்தது. அதை 2010இல்தான் வாங்கினார்கள், விலை 85 லட்சம் டாலர். முதலில் முழுச்சொல், ஊரே சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு சுருக்கம். வரிசையைக் கவனியுங்கள்.

சரி, அப்பா கட்சிக்கு வருவோம். அவர் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நாலு சொல்லையும் ஒட்டி ஆங்கிலத்தில் எழுதி எண்ணினேன், 26 எழுத்து. விதிப்படி ஒரு பெயரில் 63 எழுத்து வரை இருக்கலாம், அதனால் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மன் பெயர் 'ன்'னில் முடிகிறது, தாத்தா பெயர் 'ந'வில் தொடங்குகிறது. ஒட்டி எழுதினால் ஆங்கிலத்தில் இரண்டு என் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். டைப் அடிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒன்றை விழுங்குவார்கள். சொற்கள் சந்திக்கிற மூட்டில் ஒரே எழுத்து இரண்டு வந்தால் அந்தப் பெயரை நான் பெரும்பாலும் தள்ளிவிடுவேன். 'ஸ்ரீ' வேறு இருக்கிறது. எஸ்ஸுக்கு அப்புறம் ஹெச் உண்டா, கடைசியில் ஐயா, இரண்டு ஈயா? நாலு கடையில் நாலு விதம்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதில்தான் முழுப்பெயரின் உண்மையான ஆபத்து இருக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல். நமக்கு அப்படி இல்லை. 'முந்திரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் டெல்லி டியா, திருச்சி டியா, கூட ஹெச் உண்டா இல்லையா? அதிலேயே நாலு முந்திரி. பலாப்பழம் என்று வைத்தால் 'ழ'வுக்காக நாம் போடுகிற இசட் ஹெச்சை டெல்லி வியாபாரி 'ஜ' என்று வாசிப்பார். திருப்பாதிரிப்புலியூர் என்று ஊர்ப் பெயர் சேர்க்க ஆசைப்பட்ட ஒருவரிடம், அவர் வீட்டிலேயே நாலு பேரைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். நாலு தாளும் நாலு விதம். அவரே சிரித்துவிட்டார்.

ஊர்ப் பெயரில் இன்னொரு கண்ணி. ஆங்கிலத்தில் பாண்டிச்சேரியாக இருந்தது 2006இல் சட்டப்படி புதுச்சேரி ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவது இன்னொரு மாதிரி, கடைசிப் பாதியில் மேல்கீற்று போட்ட ஓர் 'இ'. பேச்சில் பாண்டி, கவிதையில் புதுவை. சுற்றுலா வருகிற பெங்களூர்ப் பையன் தேடுவது 'பாண்டி'யைத்தான், அதற்கும் கடைசி எழுத்து ஒய்யா ஐயா என்ற கேள்வி உண்டு. அங்கே இருக்கிற பெரிய நிறுவனங்கள் இதை எப்படித் தாண்டியிருக்கின்றன என்று பாருங்கள். அரசு இணையதளம் வண்டி நம்பர் பலகையில் வருகிற அதே பிஒய். பல்கலைக்கழகம் பழைய பெயரை முன்பாதியோடு நறுக்கி 'பாண்டியுனி'. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றிய ஆணையை வெளியிட்டது, சில நாளிலேயே திரும்ப வாங்கியது. அந்த சில நாளில் என்னிடம் இரண்டு பேர் 'கடலூர்' டொமைனைப் புது எழுத்துக்கூட்டலில் வாங்கித் தரச் சொல்லிப் போன் செய்தார்கள். பொறுங்கள் என்று சொன்னது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. ஊர்ப் பெயர் உங்கள் கையில் இல்லை, அதனால் முடிந்தவரை அதை டொமைனில் சேர்க்க வேண்டாம் என்பேன். ஊரையே விற்கிற லாட்ஜுக்கும் டிராவல்ஸுக்கும் இது பொருந்தாது.

சுருக்கமும் இல்லாமல் முழுப்பெயரும் இல்லாமல், இரண்டையும் உருக்கி ஒரு புதுச்சொல் வார்ப்பது இன்னொரு வழி. சத்யம் இன்ஃபோவே என்ற இணைய நிறுவனம் 'சிஃபி' என்று செய்ததுதான் நம் பக்கத்தில் நல்ல உதாரணம். இரண்டு சொல்லிலிருந்தும் எழுத்தெடுத்து, சொல்ல முடிகிற ஒரு பெயர். 1999இல் அந்தப் பெயரில் டொமைன்கள் பதிந்தார்கள். பிறகு வேறொருவர் நடுவில் ஓர் எஃப் கூடச் சேர்த்து ஏறக்குறைய அதே பெயரில் டொமைன் எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே மாதத் தீர்ப்பு சத்யம் இன்ஃபோவே பக்கம். டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டும் இல்லை, வணிகச் சின்னத்துக்குக் கிடைக்கிற மாதிரியான பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று இந்தியாவில் உறுதியானது அந்த வழக்கில்தான். இட்டுக்கட்டிய சொல்லுக்கு இந்த வகையில் ஒரு பலம் இருக்கிறது: வேறு யாரும் தற்செயலாக அதே பெயரை வைத்தேன் என்று சொல்ல முடியாது. நாலு முதலெழுத்துக்கு அந்தச் சாக்கு எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் இட்டுக்கட்டிய சொல்லை மக்கள் வாயில் ஏற்ற விளம்பரச் செலவு ஆகும். முந்திரி லாபத்தில் அது கட்டாது.

சில்லறை விஷயங்கள் சில. நடுவில் கோடு போட்டு சொற்களைப் பிரிக்கலாமா என்று கேட்பார்கள். விதி அனுமதிக்கிறது. முதலிலும் கடைசியிலும் கோடு வரக் கூடாது. ஆனால் போனில் அதை ஒருவர் டேஷ் என்பார், ஒருவர் மைனஸ் என்பார், மூன்றாமவர் கீழ்க்கோட்டைப் போட்டுவிடுவார். வேண்டாம். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற கவலையும் வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அதனால் போர்டில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாகப் போட்டால் படிக்க எளிது. டொமைனில் 'கேஷ்யூ' என்று இருந்தால் கூகிள் மேலே தூக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரக்கில்லாமல் பெயரை மட்டும் வைத்து மேலே வந்த தளங்களை கூகிள் 2012 செப்டம்பரிலேயே கீழே இறக்கிவிட்டது.

டாட் காமா, டாட் இன்னா? இரண்டும். ஏற்றுமதி பேசப் போகிறீர்கள் என்றால் டாட் காமை முகமாக வையுங்கள், டாட் இன்னை அதற்குத் திருப்பிவிடுங்கள், அதாவது டாட் இன் என்று அடிக்கிறவரும் டாட் காமுக்கே வந்து சேரும்படி செய்யுங்கள். முதல் வருஷத் தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ஒரே தடவையில் பத்து வருஷம் வரை கட்டி வைக்கலாம். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் இறுதி கெடு வைத்து, 'பேங்க் டாட் இன்' என்ற தனி வாலுக்கு மாறச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். போலி வங்கித் தளங்களைக் கண்டுபிடிக்க அந்த முழுச்சொல் உதவும் என்பதுதான் கணக்கு. அங்கேயும் முன்னால் சுருக்கம், பின்னால் முழுச்சொல்.

தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடிகிற பெயரும் வாங்கலாம். மனசுக்குப் பிடித்த விஷயம், எழுத்துக்கூட்டல் தகராறே இல்லை. ஆனால் உள்ளுக்குள் கணினி அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாற்றித்தான் வைத்திருக்கிறது. பிரவுசரில் தமிழில் தெரிவதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் அந்தக் குப்பைதான் வந்து விழும். பார்க்கிறவர் மோசடி லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவார். மெயிலுக்கும் இன்னும் நம்பி இறங்க முடியாது. கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள், விசிட்டிங் கார்டில் போட வேண்டாம்.

முக்கியமாக ஒன்று: பதிவு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். இணையதளம் போடுகிறவர் பெயரில் இல்லை. இதை என் தொழிலில் இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். தளம் போட்டுக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய், டொமைன் காலாவதியாகி, பின்னாலேயே ஓடிய மூன்று கடைக்காரர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கடைக்கு. உங்கள் கேள்வியிலேயே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பண்ருட்டி மார்க்கெட்டில் உங்களை எல்லோரும் தாத்தா பெயரைச் சொல்லி "அவர் முந்திரி" என்றுதான் சொல்வார்கள் என்று. பதில் அங்கேயே இருக்கிறது. தாத்தா பெயர், ஒட்டி 'கேஷ்யூ'. 'முந்திரி' வேண்டாம், நாலு எழுத்துக்கூட்டல் தொல்லை. 'கேஷ்யூ'வுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். ஒருமையா பன்மையா என்ற குழப்பம் மட்டும் வரும், அதனால் கடைசியில் எஸ் சேர்த்ததையும் சேர்த்தே வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். தாத்தா பெயரை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று வீட்டில் சண்டை வந்தால் ஜி.எஸ்.டி. சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படி. எண்ணிப் பார்த்தேன், 13 எழுத்து வருகிறது. மூட்டில் இரட்டை எழுத்தும் இல்லை.

அம்மன் பெயர் விட்டுப்போகிறதே என்று அப்பா கேட்பார். தளத்தைத் திறந்ததும் மேலே முழுப்பெயர், அம்மன் படத்தோடு. பில்லிலும் டின்னிலும் இருப்பது அப்படியே இருக்கட்டும். மகனுக்கு எஸ்எம்என்சி டாட் இன் அவ்வளவு பிடித்திருந்தால், கிடைத்தால், அதையும் வாங்கித் திருப்பிவிடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கேஸ் சிலிண்டர் விலைதான் ஆகும். வாங்குவதற்கு முன்னால் இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். விருத்தாசலத்திலோ சேலத்திலோ இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, புதுப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டாம். வந்த படத்தில் சரியாக இருந்தால் ராத்திரியே பணத்தைக் கட்டிவிடுங்கள், தேடிப் பார்த்துவிட்டு நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருக்க வேண்டாம்.